படிக்கச் சொன்ன நேரத்தில் வாசித்தவை

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு பதாகை ஏறிவிடும்: 'வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்.' இலங்கையில் அது தேசிய வாசிப்பு மாதம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, புத்தகக் கண்காட்சி, பரிசளிப்பு என்று ஒரே அமளி. 'வாசிப்பின் பயன்கள்' என்று ரியூசன் வாத்தியார் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி, ஒரு வரி பிசகாமல் ஒப்புவித்து முதற்பரிசு வாங்கும் பிள்ளைகள் உண்டு. பரிசாகக் கிடைத்த புத்தகம் பொலித்தீன் உறை கழற்றாமலே அலுமாரிக்குப் போய்விடும். நான் கணிதம் படிப்பிக்கிறவள். அதனால் இந்தப் போட்டிகளுக்கு நடுவராக என்னைக் கூப்பிடுவதில்லை. பின் வாங்கில் இருந்து வேடிக்கை பார்க்க வசதி.

பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துவிட்டது. கதை வாசிப்பது நல்ல பழக்கம் என்று நாங்கள் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் அதை விட்டு ஓடத் தொடங்கினார்களோ?

எனக்கு யாரும் பதாகை கட்டி வாசிப்பைக் காட்டவில்லை. எங்கள் வீட்டில் கதைப்புத்தகம் என்றால் அது ஒரு முறைப்பாடு. மத்தியான வெயிலில் மாங்காய் பிடுங்கப் போவது, சந்தியில் நின்று கதைப்பது, கதைப்புத்தகம் வாசிப்பது எல்லாம் அம்மாவின் பட்டியலில் ஒரே வரிசையில் இருந்தவை. "படிக்கிற பிள்ளை இதுகளைத் தொடாது" என்பார். நான் படிக்கிற பிள்ளைதான். அதனால்தான் தொட்டேன் என்று அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அரசாங்கம் இலவசமாகத் தந்த விஞ்ஞானப் பாடநூல் நல்ல அகலம். அதற்குள் ஒரு மாத நாவல் தாராளமாக அடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒளித்தெறிப்புப் படம் தெரியும். உள்ளே ஆரோ ஒருத்தி கலியாணம் வேண்டாம் என்று அழுதுகொண்டிருப்பாள்.

அந்தப் புத்தகங்கள் வந்த வழியும் ஒழுங்கான வழி இல்லை. யுத்தத்தால் 1990-க்குப் பிறகு இந்தியச் சஞ்சிகைகள் ஊருக்கு வருவது நின்றுபோயிருந்தது. முன்பு வந்தவற்றிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக ஒட்டி வைத்திருந்த ஒரு அக்கா எங்கள் ஒழுங்கையில் இருந்தார். ஒரு கட்டு முடித்தால்தான் அடுத்த கட்டு தருவார். கை மாறிக் கை மாறி முன்பக்கமும் பின்பக்கமும் போயிருக்கும். ஆர் எழுதியது என்று தெரியாது. சிலதுக்கு முடிவும் இருக்காது. முடிவை அக்காவிடம் கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பார். அவருக்கும் தெரியாது என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

இரவில் வாசிக்க வழியில்லை. மின்சாரம் இல்லாத வருடங்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியைப் போத்தலுக்குள்ளேயே எரிய விடுவோம். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிச்சம். அந்த வெளிச்சம் ஒரு கொப்பியின் பாதிக்குத்தான் காணும். "எண்ணெய் படிக்கிறதுக்கு. கதை வாசிக்கிறதுக்கு இல்லை" என்பது வீட்டுச் சட்டம். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அம்மா அப்படிச் சொன்னதில் பிழை சொல்ல ஏதும் இல்லை. ஆனாலும் முக்கோணவியல் கணக்குக்கு விட்ட எண்ணெயில் எத்தனையோ கதாநாயகிகள் ரயிலேறிப் போனார்கள். ரயிலை நான் கண்ணால் கண்டிருக்கவில்லை என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாசிக்க ஒன்றும் கிடைக்காத நாட்களில் கச்சான் சரை, அதாவது நிலக்கடலை சுற்றித் தரும் தாள், கை கொடுத்தது. இப்போது கச்சான் பொலித்தீன் பையில் வருகிறது. அப்போது கோயில் வீதியில் ஆச்சிமார் பழைய தாளைக் கூம்பாகச் சுற்றி, அடியை முறுக்கி, அதற்குள் அளந்து போட்டுத் தருவார்கள். யாழ்ப்பாணப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த தட்டுப்பாட்டுக் காலம் அது. எந்தத் தாளும் வீண்போகாது. ஒரு சரையில் ஆரோ ஒரு மாணவியின் சமூகக்கல்விச் சோதனைத்தாள், சிவப்பு மையில் 34 என்று புள்ளி. இன்னொன்றில் சத்திய ஓலை. ஒருநாள் நல்லூரில் வாங்கிய சரையில் ஒரு நாவலின் நடுப்பக்கம். ஒருத்தி கண்டி பஸ்ஸில் ஏறுகிறாள், பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கண்டதும் இறங்கப் பார்க்கிறாள், நடத்துனர் மணியை அடித்துவிடுகிறார். அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. ஆர் அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர் என்று இன்றைக்கும் தெரியாது. தேடாமலும் இல்லை.

இப்போது போனில் நாள் முழுக்க நான் வாசிப்பதும் கச்சான் சரையைத்தான் என்று எனக்குத் தோன்றும். முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் ஒரு துண்டு. ஒருவர் ஏதோ அநியாயத்துக்குப் பொங்குகிறார், என்ன அநியாயம் என்று தெரிவதற்குள் அடுத்தவர் மீன்குழம்பு வைக்கிறார். ஒரே ஒரு வித்தியாசம்: சரையில் கச்சான் முடிந்துவிடும்.

என் போன் பழக்கங்களில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. காலையில் கண் விழித்ததும் வைபர். குடும்பக் குழுமத்தில் ரொறன்ரோவில் இருப்பவர்கள் படுக்கப் போகிற நேரம், பாரிஸில் இருப்பவர்கள் இன்னும் எழும்பாத நேரம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ரோசாப்பூப் போட்ட காலை வணக்கங்கள் குவிந்திருக்கும். சின்னம்மா ஒருவர் மஞ்சள் தண்ணீரின் மகிமை பற்றி ஒரு காணொளி அனுப்பியிருப்பார். அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முகநூல். ஊர்ச் செய்தி, அரசியல் சண்டை, ஆரோ ஒருவரின் வீடு குடிபுகுதல். பிறகு யூடியூப். இந்தக் கட்டத்தில் தேத்தண்ணி ஆறியிருக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் தவறாமல், வரி வரியாக, முழுதாக வாசிக்கிறேன். மரண அறிவித்தல்.

சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் காலையில் இதைப் பார்க்காமல் நாள் தொடங்குவதில்லை. முன்பு வானொலியில் போனது, பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்தது, சந்தித் தூண்களில் ஒட்டியது. இப்போது எல்லாம் இணையத்தில். அந்த வடிவம் மட்டும் மாறவே இல்லை. 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தை, ஜேர்மனி டோட்முண்ட் ஆகிய இடங்களை முன்னாள் வதிவிடமாகவும், கனடா மார்க்கத்தைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட...' என்று தொடங்கும். அப்படியே போகும். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் லண்டன், இன்னார் சுவிஸ், இன்னார் இலங்கை ஆகியோரின் அருமைத் தாயாரும், மருமக்கள், பேரப்பிள்ளைகள், மைத்துனர்கள், சகலன்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்க, ஒரே வசனம், ஒரே ஒரு முற்றுப்புள்ளி. கடைசியில் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோள்.

நாற்பது வருடப் பயணம் முழுக்க அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கியிருக்கும். எந்த ஊரிலிருந்து எப்போது போனார்கள் என்று அதில் இராது, ஆனால் வதிவிடங்களின் வரிசையைப் பார்த்தாலே விளங்கும். கொழும்பிலிருந்து நேரே கனடா என்றால் ஒரு கதை. நடுவில் ஜேர்மனியும் ஒல்லாந்தும் வந்தால் இன்னொரு கதை. பிள்ளைகளில் ஒருவர் மட்டும் 'இலங்கை' என்று இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்ற பிள்ளை அது. 'காலஞ்சென்ற' என்று ஒரு மகனின் பெயருக்கு முன்னால் இருந்தால் நான் கொஞ்ச நேரம் கீழே போகமாட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தால் "ஆராம்?" என்பார். ஊரைச் சொன்னால் போதும், மூன்று கேள்வியில் உறவு கண்டுபிடித்துவிடுவார். இதை வாசிப்பு என்று எந்த வாசிப்பு மாதத்திலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

இன்னொரு நல்ல பழக்கமும் போனால்தான் வந்தது. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் வருடி, அதாவது ஸ்கான் செய்து, ஏற்றி வைத்திருக்கிறார்கள். எவரும் எடுத்து வாசிக்கலாம், காசில்லை. டொமினிக் ஜீவா 1966-ல் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கி, தானே கையில் கொண்டு திரிந்து விற்ற 'மல்லிகை'யின் பழைய இதழ்களை நான் கண்ணால் கண்டது போனில்தான். சின்னத் திரையில் ஒரு பக்கத்தை விரலால் விரித்து, வரியின் முடிவுக்கு வலப்பக்கம் தள்ளி, அடுத்த வரிக்கு இடப்பக்கம் இழுத்து வாசிக்க வேண்டும். பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஆரோ பென்சிலால் கோடு போட்டிருப்பார், ஏதோ ஒரு நூல்நிலையத்து ஊதா முத்திரை பாதி அழிந்து கிடக்கும். விளம்பரங்களைக்கூட விடமாட்டேன். கஸ்தூரியார் வீதி நகைக்கடையும் சுருட்டுக் கம்பனியும் கதைக்கு நடுவில் வந்து போவது தனி ருசி.

இப்படி வருடி வைக்கிற வெறி எங்கிருந்து வந்தது என்று இந்த ஊரில் ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. 1933-ல் ஒரு சின்ன இடத்தில் தொடங்கி வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. திரும்ப எடுக்க முடியாதவை அதில் எத்தனையோ.

அந்த வெள்ளைக் கட்டடம் இன்று திரும்ப நிற்கிறது. விடுமுறை நாட்களில் முன்னால் தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ்கள் வரிசையாக நிற்கும். சரஸ்வதி சிலைக்கு முன்னால் படம் எடுத்து, கோட்டையைப் பார்த்து, நல்லூரைக் கும்பிட்டு, ஐஸ்கிறீம் குடித்து, இருட்டுவதற்குள் போய்விடுவார்கள். உள்ளே போனால் வாசகர் மேசைகளில் பாதிக்கு மேல் உயர்தரப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் செய்துகொண்டிருப்பார்கள். வெளியே பார்க்க வந்தவர்கள், உள்ளே படிக்க வந்தவர்கள். கதைப்புத்தகப் பக்கம் காற்றாட நடக்கலாம். குறை சொல்லவில்லை. நாங்களும் சிகிரியாவுக்குப் போய் அதைத்தானே செய்கிறோம்? ஏறி, படம் எடுத்து, இறங்கி, அடுத்த இடம். வான் வண்டியில் பாட்டுப் போட்டு, இடியப்பப் பார்சலைக் கட்டிக்கொண்டு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, நுவரெலியாவில் குளிரில் நடுங்கியபடி ஸ்வெட்டருடன் ஒரு படம். போனோம் என்பதற்கு அத்தாட்சி.

சுற்றுலா என்பதே எங்கள் தலைமுறைக்குப் பிந்தி வந்த பழக்கம். பயணம் என்றால் ஓடுவது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய ஊர்களுமான வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது நானும் ஒரு பள்ளிக்கூடப் பையோடு நடந்தேன். அம்மா சாவகச்சேரியில் அந்தப் பையைத் திறந்து பார்த்தார். உடுப்பு இரண்டு, சான்றிதழ்கள், அடியில் அந்த அக்காவின் தைத்த கட்டு ஒன்று. என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்து சிப்பை இழுத்து மூடினார். அன்றைக்கு மட்டும் ஏச்சு விழவில்லை.

அதற்குப் பிறகு பயணம் என்றால் அலுவல். கொழும்புக்குப் போவதென்றால் விசா, நேர்முகப் பரீட்சை, ஆசுப்பத்திரி, விமான நிலையத்தில் ஆரையும் ஏற்றி அனுப்புவது. சும்மா போவது என்று ஒன்று இல்லை. இரவு பஸ்ஸில் ஏறினால் படம் ஒன்று அலறும், கண்ணை மூடித் திறந்தால் வெள்ளவத்தை. ஏ-9 வீதியின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று தெரியாத யாழ்ப்பாணத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சரி, ரயில். யாழ்தேவி 1956-ல் ஓடத் தொடங்கியது. 1990-ல் நின்றது. நான் விவரம் தெரிந்து பார்த்தது தண்டவாளம் இல்லாத ரயில்பாதையைத்தான். தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்விட்டன. நிலையக் கட்டடங்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். கதைகளில் ரயில் வந்தால் நான் சினிமாவில் பார்த்ததை வைத்துச் சமாளித்துக்கொள்வேன். 2014 ஒக்டோபர் 13-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. போகிறதுக்கு இல்லாமல் பார்க்கிறதுக்கென்றே குடும்பம் குடும்பமாக நிலையத்துக்குப் போனார்கள். அப்பா சட்டைப்பையில் பேனை குத்திக்கொண்டு வந்தார், ஏதோ கையெழுத்துப் போட வேண்டி வரும் என்பதுபோல.

அந்த வருட மார்கழி விடுமுறையில் ரயிலில் கொழும்புக்குப் போக முடிவு செய்தேன். பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிக் கேட்டார்.

"என்ன அலுவலாப் போறாய் பிள்ளை?"

"ஒண்டுமில்லை மாமி, சும்மா."

"சும்மாவோ?"

"ஓம். ரயில்ல போய்ப் பாப்பம் எண்டு."

"போய்?"

"போய்த் திரும்பி வாறது."

மாமி கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப வரேக்க வெள்ளவத்தையில ஒரு சாமான் எடுத்துக்கொண்டு வா" என்று ஒரு அலுவலைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் ஒருவர் சும்மா போய்வர ஏலாது.

பயணத்துக்கென்று ஒரு தடித்த புத்தகம் கொண்டுபோயிருந்தேன். புத்தகங்களை ஊர்ப்பயணம் கூட்டிக்கொண்டு போய், காற்றுப் பட விட்டு, ஒரு பக்கமும் திறக்காமல் திரும்பக் கூட்டிவருவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் ரயிலில் வாசித்தேன். ஆனையிறவு உப்பளம் போகும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. கிளிநொச்சி தாண்டி இரண்டு பக்கமும் காடு தொடங்கியபிறகு புத்தகம் தானாகத் திறந்துகொண்டது. வவுனியாவுக்குப் பிறகு "வடே, வடே" என்று கூடையோடு ஏறினார்கள். இறால் வடை ஒன்று வாங்கினால் அதைச் சுற்றித் தந்த தாள் சிங்களப் பாடக் கொப்பி. வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்துக்கொண்டே வடையைத் தின்றேன். ரயிலில் வாசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. நேரத்தை வீணாக்குகிறாய் என்று ஆரும் சொல்ல முடியாது, அந்த நேரம் எப்படியும் போகப்போகிறது. என்னைச் சுற்றி எல்லாரும் போனில் இருந்தார்கள், அவர்களுக்கும் அதே வசதிதான்.

போன வருடம் ஓகஸ்டில் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்தது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஊர் புலம்பெயர்ந்தவர்களால் நிறைந்துவிடும், எங்கள் வீடும் அப்படித்தான். பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று அண்ணி ஒரு பட்டியல் வைத்திருந்தார். கீரிமலை, நிலாவரைக் கிணறு, கசூரினா கடற்கரை, பருத்தித்துறை வெளிச்சவீடு எல்லாம் ஓடி முடித்தோம். அவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வெயில் கொளுத்தியது. கடைசியாக நெடுந்தீவு.

பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் பாலத்தால் புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான் இறங்குதுறை. இரண்டு பக்கமும் கடல் தண்ணி கிடக்க நடுவில் ஓடும் அந்த வீதி யாழ்ப்பாணத்தின் மிக அழகான வீதி என்பது என் கட்சி. வாதாட வருபவர்கள் வரலாம். நெடுந்தீவுப் படகு என்றதும் என் வயதுக்காரர்களுக்கு குமுதினி என்ற பெயரும், அந்தப் படகில் பயணிகள் படுகொலை செய்யப்பட்ட 1985 மே 15-உம் நினைவுக்கு வராமல் போகாது. அண்ணாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அதைத் திரும்பி வரும்போது சொன்னோம். படகின் உள்தட்டில் எஞ்சின் சத்தத்தில் கதைக்க முடியாது. மேலே நின்றால் உப்புத் தண்ணி அடிக்கும். போன்களை எல்லாரும் பொலித்தீன் பையில் கட்டி வைத்துவிட்டார்கள்.

அண்ணாவின் மகளுக்குப் பதினைந்து வயது. தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. படகில் ஏறியதும் பையிலிருந்து செங்கல் பருமனில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாள். அலை தூக்கிப் போட்டது, ஒரு ஆச்சி சத்தி எடுத்தார், ஒரு ஆட்டுக்குட்டி காலடியில் வந்து படுத்தது. அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தீவில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள், சீமெந்து ஒரு துளி இல்லை. ஒல்லாந்தர் புறா வளர்த்துச் செய்தி அனுப்பியதாகச் சொல்லும் புறாக்கூடு. அதைக் கண்டதும் என் மகன் "அப்ப இதுதான் அந்தக் காலத்து வைபர்" என்றான். வறண்ட வெளியில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த கூட்டம், விலா எலும்பு தெரிய, நிழலுக்கு ஒதுங்கி நின்றது. அண்ணி படம் எடுத்தார், காணொளி எடுத்தார், திரும்பிப் பார்த்தார். மகளைக் காணவில்லை.

பெருக்குமரத்துக்குள் இருந்தாள். அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லப்படும் அந்தப் பெரிய மரத்தின் அடியில் ஆள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது. உள்ளே முதுகைச் சாய்த்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து, ஏதோ ஒரு அதிகாரத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். வெளியே படம் எடுக்க ஒரு குடும்பம் காத்துக்கொண்டு நின்றது.

"இவ்வளவு காசு செலவழிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தா, இஞ்ச வந்தும் புத்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கொண்டு இருக்கிறியே! வெளிய வா! குதிரையைப் பார்!" என்று அண்ணி கத்தினார்.

"டூ மினிட்ஸ் அம்மா."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி விளங்காது. கதைப்புத்தகம் வாசித்ததற்காக ஒரு பிள்ளைக்கு ஏச்சு விழுவதைக் கேட்டு எத்தனை காலம்! அண்ணியைச் சமாதானப்படுத்தி இளநீர் குடிக்கக் கூட்டிப்போனேன். அவள் இரண்டு நிமிடம் என்றது அரை மணித்தியாலம் ஆனது. காத்து நின்ற குடும்பத்துக்கு மரத்தின் மற்றப் பக்கத்தைக் காட்டி விட்டேன். அதுவும் மரம்தானே.

திரும்பி வரும் வானில் என் மகன் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். அவன் கதைப்புத்தகம் தொட்டுப் பழக்கமில்லாதவன். வாசிப்பு மாதக் கட்டுரையில் பள்ளிக்கூடத்தில் இரண்டாமிடம். "என்ன மச்சாள் அவ்வளவு இருக்கு அதுக்குள்ள?" என்று கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள். உடைந்த தமிழில், இடையிடையே ஆங்கிலம் கலந்து, கைகளை விரித்து, ஆர் கெட்டவன், ஆர் நல்லவன்போல நடிக்கிறவன், அரண்மனையின் எந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று பண்ணைப் பாலம் வரும்வரை சொன்னாள். வீட்டு வாசலில் வான் நின்றபோது கதவு இன்னும் திறக்கவில்லை. கதையில் உள்ள கதவைச் சொல்கிறேன்.

அவர்கள் கனடாவுக்குப் போன பிறகும் கதை நிற்கவில்லை. வைபரில் குரல்பதிவாக வருகிறது. அங்கே அவள் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் இருந்து பேசி அனுப்புவாள், இங்கே அது அவன் மேசையில் இருந்து படிக்கிற நேரம். காதில் ஒரு வயரைக் கொழுவி, முன்னால் விஞ்ஞானப் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு கேட்பான். முதல் புத்தகம் முடிந்து இப்போது இரண்டாம் பாகம் போகிறதாம்.

அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது போன் மட்டும்.

"எந்த நேரமும் உந்தப் போன்தான். ஒரு கதைப்புத்தகத்தையாவது எடுத்து வாசிக்கலாமே தம்பி?" என்றார் போன கிழமை.

"அம்மா, நீங்களோ இதைச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"உனக்கு அப்ப சோதினை இருந்தது" என்றார், ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவனுக்கும் சோதினை இருக்கிறது, அடுத்த மாதம். விஞ்ஞானத்தில் போன தவணை அறுபத்திரண்டு. நல்லவன்போல நடிக்கிறவன் ஆர் என்று எனக்கும் தெரிய வேண்டியிருப்பதால், அவன் நித்திரையானபிறகு பதிவுகளை நானும் எடுத்துக் கேட்கிறேன்.